தவமணியின் இடது கை

பொன்மயில் தியேட்டரில் அன்றைக்குப் பாண்டிச்செல்வியை டிக்கெட் வாங்க விடவில்லை. "அண்ணன் நாடகத்துக்கு மதினிகிட்டக் காசு வாங்குனா இந்தத் தியேட்டர் வெளங்குமா?" என்று மேனேஜர் மீரான் கும்பிட்டு, மாடியில் நடு வரிசையில் உட்கார வைத்துவிட்டுப் போனார். அருப்புக்கோட்டைக்காரர்கள் ஒருவருக்கு மரியாதை செய்வதென்று முடிவெடுத்துவிட்டால் அந்த ஆள் தப்பவே முடியாது. பக்கத்து இருக்கையில் கலை மன்றச் செயலாளர் சங்கரலிங்கம் மடியில் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தார். பைக்குள் பொன்னாடை. நாடகம் முடிந்ததும் நடிகரின் மனைவிக்குப் போர்த்துவதாக ஏற்பாடு. ரகசியம், ரகசியம் என்று சொல்லியே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

நடிகர் தவமணி அப்போது சென்னைக்குத் தெற்கே, திருப்போரூர்ப் பக்கம், வேர்க்கடலைக் காட்டுக்கு நடுவே கட்டியிருந்த ஒரு மேடையில் நின்றுகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு அங்கே நாடகம் தொடங்கும். அதே நேரத்தில் இருநூற்றுப் பத்து ஊர்களில், இருநூற்றுப் பத்து தியேட்டர்களில் அது நேரடியாக ஓடும். மேடைக்கு முன்னால் பார்வையாளர்கள் கிடையாது. கேமராக்கள்தான். தியேட்டர்களில் ஜனங்கள் சிரிப்பதும் தட்டுவதும் ஒலிபெருக்கி வழியாக மேடைக்குப் போகும். 'முழுமேடை' நிறுவனத்தின் இந்த ஏற்பாட்டில் தவமணிக்கு ஒரே ஒரு மனக்குறை. "முகமே இல்லாத கைதட்டலா இருக்கு செல்வி," என்பார். ஆனால் ஐம்பத்தெட்டு வயதில், திருவிழா மேடைகளில் முப்பது வருஷம் நின்ற காலுக்கு இது பெரிய இடம். பாண்டிச்செல்விக்கும் பெருமைதான். அதை அவள் மறைத்ததும் இல்லை.

நாடகத்தின் பெயர் 'மதகு'. வெள்ளம் வருகிற ஒரு நாளில், மதகைத் திற என்று ஒரு ஊரும் திறக்காதே என்று இன்னொரு ஊரும் மோதிக்கொண்டு வர, நடுவில் மாட்டிக்கொண்ட மதகுக் காவலர்தான் தவமணி. அந்த நாடகத்தின் ஒவ்வொரு வரியும் பாண்டிச்செல்விக்கு மனப்பாடம். தினமும் சாயங்காலம் போனில் அவர் வசனம் சொல்ல, இவள் வீட்டுப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு சரி பார்ப்பாள். கூட்டம் கம்பும் கடப்பாறையுமாகப் பாய்ந்து வரும் காட்சியில், 'காவலர் இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தித் தடுக்கிறார்' என்று அச்சடித்திருந்தது. பாண்டிச்செல்வி முதல் நாளே அந்த 'இரு கைகளையும்' என்பதைப் பென்சிலால் அடித்து, 'வலது கையை' என்று எழுதி வைத்துவிட்டாள்.

காரணம் பதினோரு வருஷத்துப் பழையது. ராஜபாளையத்துப் பக்கம் ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் மேடைப் பலகை உடைந்து தவமணி கீழே விழுந்தார். இடது தோளில் கம்பி வைத்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கை நெஞ்சுக்கு மேலே போகாது. சட்டை போடும்போது இடது கையை முதலில் நுழைத்து, அப்புறம் உடம்பை வளைத்துத்தான் மற்றதைப் போடுவார். நாடகக்காரர்கள் இதற்கெல்லாம் பிரதியைத் திருத்துவதில்லை. ஒத்திகையில் அவர் ஒற்றைக் கையைத் தூக்கினார், டைரக்டர் பார்த்தார், "அதுவே நல்லாருக்குண்ணே" என்றார், முடிந்தது விஷயம். பென்சில் அடித்தது வீட்டுப் பிரதியில் மட்டும்தான்.

மூன்று மணிக்கு மேல் அந்தக் காட்சி வந்தது. திரையில் மழை கொட்டியது. கூட்டம் பாய்ந்து வந்தது. காவலர் திரும்பினார், நிமிர்ந்தார், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினார்.

தியேட்டர் அதிர்ந்தது. கீழே விசில் பறந்தது. சங்கரலிங்கம் தன் வயதை மறந்து எழுந்து நின்று தட்டினார்.

பாண்டிச்செல்வி தட்டவில்லை. கணவரின் இடது உள்ளங்கையை அவருடைய தலைக்கு மேலே அவள் பார்த்துப் பதினோரு வருஷமாகிறது. விரல்கள் நன்றாக விரிந்திருந்தன. நோவு இருப்பதாகவே தெரியவில்லை. அவள் கைப்பையைத் துழாவி போனை எடுத்து அவர் எண்ணுக்கு அடித்தாள். மணி மூன்று ஆறு. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மேடையில் இருக்கும்போது அணைத்துத்தான் வைப்பார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மறுபடி அடித்தாள்.

சீராக்கி என்ற சொல் அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒப்பந்தம் போடும்போது, ஆதர்ஷ் என்ற முழுமேடைப் பையன் போனில் முகம் காட்டி அதை விளக்கியிருந்தான். மேடையில் நடப்பது தியேட்டருக்கு ஒன்றரை நிமிடம் பிந்தி வரும். அந்த ஒன்றரை நிமிடத்தில் சீராக்கி தப்புகளை எடுத்துவிடும். "சார் ஒரு வரி மறந்துட்டாருன்னு வைங்க, சாரோட குரல்லயே, சாரோட முகத்துலயே அது சொல்லிடும். தும்மினா தும்மல் போயிடும். ஸ்கிரிப்ட் அதுகிட்ட இருக்கு இல்லையா? எங்க விட்டாரோ அங்கேருந்து எடுத்துக்கும்."

"அப்ப அது அவுக இல்லையே, தம்பி?" என்று பாண்டிச்செல்வி கேட்டாள்.

"ரெண்டு செகண்டும்மா. ரெண்டு செகண்டுல என்ன இருக்கு?"

தவமணி தயங்கினார். சமீபமாக ஒன்றிரண்டு இடங்களில் வசனம் அவருக்கு நழுவிக்கொண்டிருந்தது. "போடுங்க கையெழுத்த, அதுபாட்டுக்கு ஓரமா இருந்துட்டுப் போகுது," என்று சொன்னவள் பாண்டிச்செல்விதான்.

எழுந்து வெளியே ஓடினாள். படிக்கட்டில் மீரான் டீ கிளாசோடு நின்றிருந்தார். நாடகத்துக்கு இடைவேளை கிடையாது என்பதில் அவருக்குக் கடுப்பு, பாப்கார்ன் ஓடாது.

"பாய், அவுகளுக்கு என்னமோ ஆகிப்போச்சு. நாடகத்த நிப்பாட்டுங்க."

மீரான் பயந்துபோய்க் கதவை லேசாகத் திறந்து உள்ளே பார்த்தார். திரையில் தவமணி கணீரென்று பேசிக்கொண்டிருந்தார். "என்ன மதினி, அண்ணன் சிங்கமாட்டம் நிக்கிறாரு, இப்படிச் சொல்றீக?"

"எடது கையத் தூக்குறாக, பாய். அந்தக் கை தூக்காது."

மீரான் அவளை ஒரு கணம் பரிதாபமாகப் பார்த்தார். சந்தோஷம் தாங்காமல் சில பேருக்கு இப்படி ஆகும் என்று நினைத்திருப்பார் போல. "தண்ணி குடிங்க," என்றார். நல்ல மனிதர். அதனாலேயே தியேட்டர்களுக்கான உதவி எண்ணை அழைத்து அவள் கையில் போனைக் கொடுத்தார்.

"எல்லா ஊரிலும் தெளிவாகப் போய்க்கொண்டிருக்கிறது மேடம்," என்றது ஒரு குரல்.

"படத்தக் கேக்கலப்பா. ஆளக் கேக்குறேன். ஆளு எப்படி இருக்காக?"

"படத்தில் ஏதாவது குறை தெரிகிறதா மேடம்?"

"கொறையே இல்ல. அதத்தான சொல்றேன்."

அந்தக் குரல் நன்றி சொல்லி வைத்துவிட்டது.

மேக்கப் போடும் ரெஜினாவின் எண் அவளிடம் இருந்தது. தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்பிய பழக்கம். ஏழாவது தடவை அடித்தபோதுதான் எடுத்தாள். மூச்சோடு மூச்சாகப் பேசினாள்.

"அக்கா, நானே உங்களுக்குப் போட்டிருப்பேன், இங்க போன் எடுக்க வுடமாட்றாங்க. அண்ணன் திடீர்னு அப்படியே உக்காந்துட்டாருக்கா. கூட்டம் வர்ற சீன்ல. வலது கையத் தூக்கப் போனாரு, அது பாதில கீழ வுழுந்துச்சு. வாய் ஒரு பக்கமா இழுத்துக்குச்சு. மதகு பக்கத்துல ஒரு கல்லு செட்டு இருக்குல்ல, அதுமேல உக்காந்துனு இருக்காரு."

"தூக்குங்கடி அவுகள!"

"போக வுடலக்கா. உள்ள யாருனா போனாலோ, அவர எடுத்தாலோ, எல்லா ஊர்லயும் படம் கிழிஞ்சிடுமாம். சும்மா உக்காந்திருந்தாலும் பரவால்ல, ஆளு ஒண்ணு அங்க இருக்கணுமாம். அந்த ஆளு மேலதான் சீராக்கி வரையுதாம். லேசான மயக்கம்தான், முடிஞ்சதும் பாத்துக்கலாம்னு எல்லார் காதுலயும் இயர்போன்ல சொல்லிட்டாங்க. கூட நடிக்கிறவங்க அவரச் சுத்திச் சுத்திப் பேசினு இருக்காங்க. அழுதுனே பேசுறாங்க சில பேரு. அதையும் அது தொடச்சிடும்போல."

பாண்டிச்செல்வி போனை மீரான் பக்கமும் திருப்பிப் பிடித்தாள்.

"அவுகளுக்கு நெனவு இருக்கா?"

"இருக்குக்கா. ஒலிபெருக்கில கைதட்டல் வரும்போதெல்லாம் தலையத் தூக்கிப் பாக்குறாரு." ரெஜினாவின் குரல் உடைந்தது. யாரோ அதட்டும் சத்தம் கேட்டது. போன் நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம் அப்போது இன்னொரு கைதட்டல் எழுந்தது. பாண்டிச்செல்விக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. உள்ளே ஓடி, மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "தட்டாதீங்க! யாரும் தட்டாதீங்க!" என்று கத்தினாள். நாலைந்து தலைகள் திரும்பின. "ஸ்ஸ்" என்றது ஒரு குரல். நடிகரின் சம்சாரம் என்று யாரோ சொல்ல, அந்தக் குரலும் அடங்கி, எல்லோரும் அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்துவிட்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள். இருநூற்றுப் பத்தில் ஒரு தியேட்டரை அடக்கி என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கே தோன்றியது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மீரானுக்கு இப்போது முகம் மாறியிருந்தது. ரெஜினா பேசியது அவர் காதிலும் விழுந்திருந்தது. அவர்தான் நூற்றெட்டுக்கு அடித்து, திருப்போரூர், இன்ன இடம், இன்ன ஆள் என்று பொறுமையாகச் சொன்னார். வண்டி கிளம்பிவிட்டது என்று மூன்று முப்பத்தைந்துக்கு ஒரு பெண் உறுதி சொன்னாள். பாண்டிச்செல்வி படியிலேயே உட்கார்ந்து, வேர்க்கடலைக் காட்டுச் சாலையில் அந்த வண்டி வருவதை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த இருபத்தைந்து நிமிடமும் அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது என்று சொல்ல வேண்டும்.

நாலு மணிக்கு அதே பெண் கூப்பிட்டாள். "அம்மா, எங்க டிரைவர் கேட்டுக்குப் போனாருங்க. அங்க செக்யூரிட்டி ஆபீஸ்ல பெரிய திரை இருக்குதாம். நீங்க சொன்ன பேஷன்ட் அதுல நல்லா நடிச்சிட்டு இருக்காராம். டிரைவரே கண்ணால பாத்திருக்காரு. இந்த மாதிரி பொய்க் கால் பண்ணாதீங்கம்மா, வேற யாருக்காவது அந்த வண்டி தேவைப்படும்."

"பொய் இல்ல தாயி..." என்று அவள் தொடங்குவதற்குள் போன் நின்றுவிட்டது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம், அவள் கணவர் நன்றாக இருக்கிறார். கேமரா, திரை, இருநூற்றுப் பத்து ஊர் ஜனம், எல்லாமே அதற்குச் சாட்சி. இல்லை என்று சொல்வதற்கு அவளும் ஒரு தோள்பட்டைக் கம்பியும்தான்.

நாலரைக்கு நாடகம் முடிந்தது. தவமணி திரையில் முன்னால் வந்து நின்று கும்பிட்டார். கார் ஏற்பாடு செய்ய மீரான் ஓடியிருந்தார். பாண்டிச்செல்வி படி இறங்குவதற்குள் சங்கரலிங்கமும் மன்றத்துக்காரர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பொன்னாடை தோளில் விழுந்தது. யாரோ மைக்கை நீட்டினார்கள்.

"ரெண்டு வார்த்த பேசுங்க அக்கா."

"அவுகளுக்குப் பக்கவாதம் வந்துருச்சு," என்று அவள் மைக்கில் சொன்னாள். "ஒன்றரை மணி நேரமா ஒரு கல்லுமேல உக்காத்தி வச்சிருக்காக. என்னைய விடுங்க, நான் போகணும்."

எல்லோரும் அவளையும், திறந்த கதவு வழியே திரையில் இன்னும் கும்பிட்டுக்கொண்டிருந்த தவமணியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சங்கரலிங்கம் மெதுவாக மைக்கை வாங்கி, "சகோதரி உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க," என்றார். அவரைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்? அவர் இடத்தில் நாம் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்போம்.

மீரானின் மச்சினன் ஷாஜகான் கார் ஓட்டினான். மதுரை தாண்டியதும் ஆதர்ஷ் கூப்பிட்டான். சாருக்கு நாடகம் முடிந்ததும் லேசாக உடம்புக்கு முடியவில்லை, நிறுவனத்தின் வண்டியிலேயே அழைத்துப் போகிறோம், கவலைப்படாதீர்கள் என்றான். முடிந்ததும் என்ற சொல்லை அழுத்திச் சொன்னான். முதல் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிறவர் இல்லை, இரண்டாவதுக்குப் போகிற வழியில் முகூர்த்த நாள் கூட்டம் என்று ரெஜினா ஒவ்வொன்றாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். பாண்டிச்செல்வி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். பொன்னாடையைக் கழற்ற அவளுக்குத் தோன்றவே இல்லை.

விராலிமலையைத் தாண்டும்போது மணி ஏழு நாற்பது. ஒரு பெண் டாக்டர் பேசினார். களைத்த குரல், ஆனால் கனிவானது.

"உங்க கணவருக்கு மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பும்மா. வலது பக்கம் அசைவு இல்ல, பேச்சு இல்ல. அடைப்பக் கரைக்க ஒரு ஊசி இருக்கு. வந்ததுலேருந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். கம்பெனிக்காரங்க பதிவ முழுசா காட்டினாங்க. நாலரை மணிக்குக்கூட நல்லா நின்னு பேசுறாரு. அதனால ஒம்பது மணி வரைக்கும் நமக்கு நேரம் இருக்கு. நீங்க சரின்னு ஒரு வார்த்த சொன்னா இப்பவே போட்டுடுவோம்."

நேரம் இருக்கு. அன்றைக்கு மத்தியானத்திலிருந்து யாரும் அவளுக்குச் சொல்லாத வார்த்தை அது. சரி என்று சொல்ல அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

"நேரம் தப்பா இருந்தா என்ன ஆகும் டாக்டர்?"

"தப்பா இருந்தா போடக் கூடாதும்மா. மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடும். உயிருக்கே ஆபத்து. ஏன் கேக்குறீங்க?"

ரோட்டோரம் ஒரு புளிய மரம், அப்புறம் இன்னொன்று என்று போய்க்கொண்டிருந்தது. பாண்டிச்செல்வி எண்ணவில்லை, சும்மா பார்த்தாள்.

"அவுகளுக்கு மூணு மணி நாலு நிமிசத்துக்கு வந்துச்சு," என்றாள். "நான் மூணு ஆறுக்கு போன் அடிச்சேன், இதுல இருக்கு. படம் ஒன்றரை நிமிசம் பிந்தித்தான் வரும். அதக் கழிச்சுச் சொல்றேன்."

"ஆனா பதிவுல அப்பதான் அவர் ரெண்டு கையையும் தூக்குறாரேம்மா? பக்கவாதம் வந்தவரால கைய எப்படி..."

"அதான் டாக்டர். அவுக எடது கை தூக்காது. பதினோரு வருசமா தூக்காது. அங்கதான நிக்கிறீக, சட்டைய வெலக்கிப் பாருங்க. தோள்ல கம்பி இருக்கு, தழும்பு இருக்கு. அந்தக் கையத் தூக்குனது அவுக இல்ல, அச்சடிச்ச பிரதியப் பாத்துச் சீராக்கி வரஞ்சது."

போன் மறுமுனையில் துணி விலகும் ஓசை. டாக்டர் யாரிடமோ ஏதோ கேட்டார். ரெஜினாவின் குரல் பதில் சொல்வது தூரத்தில் கேட்டது. அந்தப் பெண்ணும் அழுதுகொண்டேதான் சொன்னாள்.

டாக்டர் திரும்ப வந்தார். "தழும்ப பாத்தேன். நான் உங்கள நம்புறேம்மா."

நம்புகிறேன் என்று ஒரு ஆள் சொல்வதற்காகத்தான் அவள் மத்தியானம் முழுக்க அலைந்தாள். அதைக் கேட்டதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அப்பன்னா போட்டுருங்க டாக்டர், சீக்கிரம்."

"மூணு நாலுன்னா..." டாக்டர் கணக்குப் போட்டார். "ஏழு முப்பத்தி நாலோட முடிஞ்சிடுச்சும்மா. இப்ப ஏழு நாப்பத்தாறு. இனிமே அந்த ஊசி போட முடியாது. வேற என்ன செய்யலாம்னு பாக்குறோம். ஆனா பேச்சும் அந்தக் கையும் திரும்ப வரும்னு நான் சொல்ல முடியாது. நீங்க உண்மையச் சொன்னீங்க, அதுக்கு நன்றி."

பாண்டிச்செல்வி போனை மடியில் வைத்தாள். பேசாமல் இருந்திருந்தால் ஊசி போட்டிருப்பார்கள். போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா, போயிருப்பாரா, யாருக்கும் தெரியாது. இப்போது அது இல்லை என்று ஆகிவிட்டது, அவள் வாயாலேயே ஆகிவிட்டது. இடது கை ஏற்கெனவே போனது. இனி வலது கையும் இல்லை. சட்டையை எந்தக் கையை முதலில் நுழைத்துப் போட்டுவிடுவது என்று அவள் யோசித்தாள். அந்த நேரத்தில் அதுதான் தோன்றியது.

ஷாஜகான் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தான். பேச்சில் பாதிதான் அவனுக்குப் புரிந்திருந்தது. ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தவித்தான், பாவம்.

"அழுவாதீங்கக்கா," என்றான். "நானும் கீழ நின்னு பாத்தேன். கூட்டம் வரும்போது அண்ணன் ரெண்டு கையையும் ஒசத்துனாருல்ல, எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. அந்தக் கைய ஒசத்துன மனுசனுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா."

பாண்டிச்செல்வி பொன்னாடையின் ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆமாப்பா," என்றாள். "ரோட்டப் பாத்து ஓட்டு."